டிஸ்க் விழுங்கிய நாவல்

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனார் வீடு மாறுகிறாள். அவள் வீட்டுப் பரணில் கிடந்த எங்கள் பழைய கம்ப்யூட்டரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணி, அண்ணனோட நாவல் இதுக்குள்ளதானே இருக்கு? ஊர்ல இருக்கிற டிஸ்குக்கெல்லாம் உயிர் குடுக்கறீங்க, நம்ம வீட்டு டிஸ்குக்கு மட்டும் வைத்தியம் கிடையாதா?"

நியாயமான கேள்விதான். செத்த ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இவர் அதைத் தொட விட்டதே இல்லை. "போனது போகட்டும் விடு" என்பார். முந்நூறு பக்கத் துப்பறியும் நாவலாம். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் எழுதி முடித்தாராம். மறுநாளே டிஸ்க் படுத்துவிட்டதாம். நாலு பேர் கூடினால் போதும், இந்தக் கதை வந்துவிடும். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

"அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். புத்தகமாவே போட்டுக் கையில குடுப்போம்" என்கிறாள்.

மார்ச் 6

கழற்றியெடுத்த டிஸ்க் செங்கல் கனம் கனக்கிறது. இணைத்ததும் சுழன்றது. பிறகு டிக், டிக் என்று சாகப்போகிற டிஸ்கின் சத்தம். உடனே நிறுத்திவிட்டேன்.

மார்ச் 9

டிஸ்கை அப்படியே நகலெடுக்கிறேன். தேடுவதெல்லாம் நகலில்தான், மூலத்தில் கை வைக்கக் கூடாது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்க வேண்டியிருக்கிறது.

இவர் டீ கொண்டுவந்தார். "யாரோட டிஸ்கு?"

"ஒரு வாடிக்கையாளரோடது."

"பாவம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 12

நகல் முழுசாக வந்துவிட்டது!

கோப்பைத் திறந்தால் ஒரே கிறுக்கல். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு, ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். எதுவென்று கண்டுபிடித்து மாற்றியதும் திரையில் தமிழ் எழுந்து வந்தது. முதல் வரி: "பிணம் சிரித்துக்கொண்டிருந்தது."

என் வீட்டுக்காரரா இது!

மார்ச் 13

எல்லாக் கோப்பும் முதல் அத்தியாயம்தான். 'இறுதி' என்று ஒன்று, 'இறுதியோ இறுதி' என்று இன்னொன்று. ஒன்றில் பிணம் சிரிக்கிறது, ஒன்றில் முறைக்கிறது. ஒன்றில் பிணமே இல்லை, பூனைதான் இருக்கிறது. அழித்த கோப்புகளையும் தோண்டிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயம் எங்கேயும் இல்லை.

அடப்பாவி மனுஷா! முந்நூறு பக்கம்னு சத்தியம் பண்ணினியே! இத்தனை வருஷமா நானும் உச்சுக் கொட்டிட்டு இருந்தேனே —

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நாத்தனார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள், அச்சகத்திலும் பேசிவிட்டாள். இந்த மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

மார்ச் 15

தேதிவாரியாக அடுக்கி எல்லாவற்றையும் படித்தேன். முதலில் துப்பறிபவர் தனி ஆள், பெரிய மீசை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஓர் உதவியாளர் வந்து சேர்கிறாள். கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பாள். பூட்டைக் கண்டால் அவள் கை அரிக்கும். ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை பேசுவாள். கடைசிக் கோப்பில் அவள்தான் பூட்டிய வீட்டுக்குள் முதலில் போகிறாள். மீசைக்காரர் வாசலில் நிற்கிறார்.

கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன், என் ஸ்க்ரூடிரைவர் அங்கேதான் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "அன்னிக்குப் பாவம்னீங்களே, அது உங்க டிஸ்கு. உங்க தங்கச்சிதான் கொண்டுவந்து குடுத்தா."

முகம் வெளிறிவிட்டது. "எவ்வளவு கிடைச்சுது?"

"முதல் அத்தியாயம்."

"மீதி?"

"மீதி கிடைக்கலை."

என்னையே பார்த்தார். "நல்லா தேடினியா?"

"ரொம்ப நல்லா தேடினேன்."

அவர் உதடு துடித்தது. அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சிகிட்ட என்ன சொல்லப்போறே?"

"கிடைக்கலைன்னுதான். பொய்யில்லையே! அது சரி, கொண்டையில ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்காளே, யாரு அது?"

"கற்பனைப் பாத்திரம்" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 17

நாத்தனார் போனில் ஒரே அழுகை. "முந்நூறு பக்கமுமா போச்சு அண்ணி!" சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஏப்ரல் 20

கொஞ்ச நாளாக இவர், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் "சும்மா" என்கிறார். இன்று ஒரு கோப்பைக் காட்டி, "இதை ரெண்டு இடத்துல பத்திரமா வச்சிடு" என்றார்.

பெயரைப் பார்த்தேன். 'இரண்டாம் அத்தியாயம்.'

மூன்று இடத்தில் வைத்தேன்.