பெட்ரோல் இல்லாமல் நெய்வேலிக்கு

மரக்காணம்
12.1.1975

நைனாவுக்கு,

சாராயம் இல்ல நைனா, ஸ்பிரிட். சவரியம்மாள் அத்தை உங்களுக்கு எழுதுனது பாதிதான் நெசம். "உன் பிள்ள காருக்குச் சாராயம் ஊத்தப் போறான்"னு அது எழுத, நீங்களும் "ஏன்டா, புத்தி கெட்டுப் போச்சா"ன்னு ஒரே வரியில கார்டு போட்டுட்டீங்க. என் புத்தி நல்லாத்தான் இருக்குது. கெட்டுப் போயிட்டிருக்கிறது நம்ம அம்பாசிடர்.

நீங்க நெய்வேலிக்கு டிரைவர் வேலைக்குப் போனதுலேருந்து அது கொட்டாயிலேயே நிக்குது. உப்புக் காத்துல கதவுக்குக் கீழ எல்லாம் துரு. பெட்ரோல் விக்கிற விலைக்கு வாடகைக்கு ஓட்டுனா கைக்காசு போவுதுன்னு நீங்கதான் நிறுத்துனீங்க. சரி, அந்த பெட்ரோல் எங்கேருந்து வருது? எவனோ ஒரு ஷேக் கப்பல்ல அனுப்புறான். அவன் விலையை ஏத்துனா மரக்காணத்துல நம்ம வண்டி நிக்குது. அவனுக்கும் நமக்கும் என்ன சண்டை? ஸ்பிரிட்டுக்கு எவன்கிட்டயும் கையேந்த வேணாம். விழுப்புரம் பக்கம் பார்த்த இடமெல்லாம் கரும்பு. ஆலையில சக்கரை எடுத்த பிறகு மிஞ்சுற கறுப்புப் பாகைப் புளிக்க வெச்சுக் காய்ச்சுனா ஸ்பிரிட். கரும்பு வெட்ட வெட்ட முளைக்கும். பெட்ரோல் முளைக்குமா?

பாலிடெக்னிக்ல நான் தூங்காம கேட்ட ஒரே பாடம் இன்ஜின். ஸ்பிரிட்டுல இன்ஜின் சூடு கம்மி, மேடு ஏறுறப்ப டக் டக்குனு இடிக்காது, பிளக்குல கரி புடிக்காது. குறையும் சொல்லிடறேன். பெட்ரோல் நாலு லிட்டர் ஆவுற தூரத்துக்கு இது அஞ்சுக்கு மேல குடிக்கும். அதுக்காக கார்புரேட்டர்ல ஸ்பிரிட் உள்ள போற ஜெட்டோட ஓட்டையைப் பெருசு பண்ணணும். அப்பக்கூட பெட்ரோலை விட செலவு கம்மிதான்.

மதுவிலக்கு ஆபீஸ்ல பர்மிட்டுக்கு எழுதிக் குடுத்தேன். கிளார்க்கு "யாருக்குப்பா?"ன்னாரு. காருக்குன்னேன். "டாக்டர் சர்டிபிகேட் வெச்சிருக்குதா உன் காரு?"ன்னாரு. ஆனா மனுவை வாங்கி வெச்சுக்கிட்டாரு.

பவுல்

நெய்வேலி
21.1.1975

மரியே வாழ்க

அன்பு மகன் பவுல்ராஜுக்கு நைனா எழுதுவது. நான் சுகம். அத்தையின் இருமல் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. கார்புரேட்டர் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

படிப்பைப் பாதியில் விட்டுப் பெட்டியோடு வந்து நின்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ பேசுவாய், கடைசியில் நான்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை மட்டும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நான் குடியை விட்டது உனக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்தேன். சாமிக்குப் பயந்து விட்டுவிட்டான் சிலுவைமுத்து என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சாமி மன்னிப்பார், மகனே. எனக்குப் பயம் அந்த வாசனைதான். இங்கே ரோட்டில் யார் மேலாவது அந்த வாடை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். அதையே என் காரில் ஊற்றப் போகிறாய். நாளைக்கு நான்தானே அதில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும்?

பண்ருட்டியிலிருந்து பலாப்பழ வியாபாரி ஒருவர் காரைக் கேட்கிறார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீயும் பாலிடெக்னிக்கிற்குத் திரும்பிப் போ.

அன்புடன்,
சிலுவைமுத்து

மரக்காணம்
9.2.1975

நைனாவுக்கு,

அத்தைக்கு இருமல் நின்னுடுச்சு. இப்ப அந்த மூச்சையும் சேத்து என்னைத் திட்டுது.

வாசனைன்னு எழுதியிருந்தீங்க. அதை நான் யோசிக்கவே இல்ல. தப்புத்தான். ஆனா ஒண்ணு கேளுங்க. இது குடிக்கிற சரக்கு இல்ல. யாரும் குடிச்சிடக் கூடாதுன்னு நாத்த மருந்து கலந்துதான் குடுக்குறாங்க. குடிச்சா கண்ணு போயிடும், உசுரும் போயிடும். டின்னுல சிவப்பு மையில மண்டை ஓடு போட்டு, பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன்.

பர்மிட் கெடச்சுது. போன வாரம் ஓட்டுனேன். கொட்டாயிலேருந்து ஜம்முனு கெளம்பி, பஞ்சநாதன் உப்பளத்து வரப்பு வரைக்கும் போய், பொட்டுனு நின்னுடுச்சு. அளத்துல வேலை செஞ்சவங்க அத்தனை பேரும் உப்பு வாருற பலகையைப் போட்டுட்டு வந்துட்டாங்க. "ஏம்பா பவுலு, வண்டிக்குப் போதை ஏறிடுச்சா?"ங்குது ஆண்டாள். "மோர் குடு, தெளிஞ்சிடும்"னு இன்னொருத்தி. பஞ்சநாதன் மொதலாளி வெத்தலையைத் துப்பிட்டு, "உங்க நைனாவாச்சும் குடிச்சிட்டு வீடு வரைக்கும் வந்துடுவாரு"ன்னாரு. கோவிச்சுக்காதீங்க, சொன்னதை எழுதுறேன். தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

கார்புரேட்டரைக் கழட்டுனா ஜெட் வாயில வெள்ளையா என்னமோ பூத்திருக்குது. நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பு. அப்பத்தான் விளங்குச்சு. ஸ்பிரிட் ஊத்தறதுக்கு மின்னாடி டாங்கைச் சுத்தமாக் கழுவுறேன்னு நம்ம கெணத்துத் தண்ணியை ஊத்திக் கழுவியிருக்கேன். இந்த ஊர்ல எதுல துரு இருந்தாலும் கெணத்துத் தண்ணி ஊத்துறதுதானே பழக்கம், கெணறே கரிக்குதுன்னு யாரு நெனைக்கிறா? டாங்க்ல தண்ணி கொஞ்சம் தங்கிடுச்சு. பெட்ரோல்னா தண்ணி அடியில தனியா நின்னிருக்கும், நட்டைக் கழட்டி வடிச்சிருக்கலாம். ஸ்பிரிட்டு அதையும் கலந்துக்கிட்டு, உப்போட மேல போயிடுச்சு. அளத்துல சித்திரை மாசம் விளையுறது கார்புரேட்டர்ல தை மாசமே விளைஞ்சிடுச்சு.

ஆகக்கூடி தப்பு கெணத்து மேல, ஸ்பிரிட் மேல இல்ல. டாங்கை வெயில்ல காய வெச்சு, ஸ்பிரிட்டாலயே அலசிட்டேன்.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிஞ்சதும் நெய்வேலிக்கு வர்றேன். ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாம. நீங்க ஓட்டிப் பாருங்க. வாசனை உங்களை இழுத்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே பண்ருட்டியில கொண்டுபோய் வண்டியை விட்டுட்டு, அப்படியே பஸ் ஏறிப் பாலிடெக்னிக் போயிடறேன். நான் சொன்னா சொன்னதுதான்.

பவுல்

நெய்வேலி
25.3.1975

மரியே வாழ்க

அன்பு மகன் பவுல்ராஜுக்கு நைனா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது, நான் உள்ளே சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி வந்து சேருமா என்ற கவலை இல்லை அது, அந்த வாசனை என்னை இழுத்துவிடுமோ என்ற பயம்.

உன்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஓட்டிப் போனேன் அல்லவா, மந்தாரக்குப்பம் வரை போனேன். கிளம்பும்போது வாசனை வந்தது. நீ சொன்ன நாற்றம் மேலே இருந்தாலும் அடியில் அது எனக்குப் பழகின வாசனைதான். வண்டியை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் மேடு வந்துவிட்டது. இப்போது இடிக்கும் பார் என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஏற்றினேன். இடிக்கவில்லை. டாப் கியரிலேயே ஏறியது. பெட்ரோலில் அந்த வண்டி என்றைக்கு அப்படி ஏறியிருக்கிறது? இன்னொரு முறை திருப்பிக்கொண்டு போய் ஏற்றிப் பார்த்தேன். குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கின பிறகுதான் தெரிந்தது, வாசனையை நான் மறந்தே போயிருந்தேன்.

அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவியை உன் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். உள்ளே போய் அழுதேன், அவ்வளவுதான்.

பண்ருட்டிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக் பற்றி நான் இனிமேல் கேட்கமாட்டேன். அத்தை கேட்பாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

திரும்பிப் போகும்போது எந்த வழியாகப் போனாய்? பாண்டி வழி என்றால் செக்போஸ்டில் என்ன சொன்னார்கள்? காலையில் எடுக்கும்போது முரண்டு பிடிக்கிறதா? ஒன்றையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
சிலுவைமுத்து

மரக்காணம்
3.4.1975

பாண்டி வழியாத்தான் நைனா. வேணும்னேதான் போனேன்.

செக்போஸ்ட்ல கான்ஸ்டபிள் கிட்ட வந்தாரு. மூக்கை உறிஞ்சுனாரு. "எவன்யா குடிச்சிருக்கறது?" "வண்டி, சார்." "ஊது." ஊதுனேன். ஒண்ணும் இல்ல. பின்சீட்டு, டிக்கி எல்லாம் தேடுனாரு. அப்புறம் புகை வர்ற குழாய் கிட்ட குனிஞ்சவரு, எழுந்திரிக்கவே இல்ல. ஏட்டைக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் என் வண்டிக்குப் பின்னால முட்டி போட்டு மோந்து பாத்தாங்க. பர்மிட்டைக் காட்டுனேன். ஏட்டு ரெண்டு தரம் படிச்சுட்டு, "பாண்டியில குடிச்சிட்டு இந்த ரோட்டுல நேராப் போன மொத ஆளு இதுதான்யா, விடு"ன்னாரு.

காலையில முரண்டு புடிக்கத்தான் செய்யுது. துணியை வெந்நீர்ல முக்கி கார்புரேட்டர் மேல போட்டா கெளம்பிடுது. "மனுஷனுக்குக் காபி போட வெறகு இல்ல, காருக்கு வெந்நீரா"ன்னு அத்தை கத்துது. ஆனா ஈஸ்டர் பூசை முடிஞ்சு அதுவே தீர்த்தம் கொண்டாந்து வண்டி மேல தெளிச்சுது. நான் ஓடிப்போய் டாங்க் மூடியைக் கையால பொத்திக்கிட்டேன். தண்ணி விஷயத்துல சாமியையும் நம்பறதா இல்ல.

திங்கக்கிழமைலேருந்து தினம் வாடகை. ஸ்டாண்டுல நிக்கிற பெட்ரோல் வண்டிங்களை விடக் கொறைச்சுதான் கேக்கறேன், அப்பவும் கையில காசு நிக்குது. பஞ்சநாதன் மொதலாளி மொத நாளு, "வழியில நின்னா நான் தள்ள மாட்டேன்"னுட்டு ஏறுனாரு. திண்டிவனம் போய்ட்டு வந்து இறங்கறப்ப, அவரு அளத்துக்குத் தண்ணி இறைக்கிற இன்ஜினையும் இதுல ஓட்டலாமான்னு கேக்குறாரு. ஓட்டலாம்னேன். ஆண்டாள் இப்ப மோரைப் பத்திப் பேசறதே இல்ல, பாண்டி ஆஸ்பத்திரிக்கு மருமகளைக் கூட்டிப் போக நாளைக்கு வண்டி கேட்டிருக்குது.

நீங்க எப்ப வர்றீங்க? நான் கொட்டாயிலயே பட்டறை போட்டு மொதலாளியோட இன்ஜினைப் பாக்கணும், வண்டி ஓட்ட ஆள் வேணும். எவனையோ உக்கார வெக்க எனக்கு இஷ்டம் இல்ல. அந்த மேட்டுல ஏத்துனவரு வரட்டும். நெய்வேலி வேலைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. அத்தைகிட்ட சொல்லிட்டேன், உங்க கட்டிலை வெளிய எடுத்துப் போட்டுக் கழுவுது, கெணத்துத் தண்ணியிலதான்.

பஞ்சநாதன் வந்துட்டாரு, முன்சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு ஹாரன் அடிக்கிறாரு. நான் போவணும்.

பவுல்