தீப்பெட்டிக்குப் பதில் போகவில்லை

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் காலை முழுக்க ஒரே ஒரு ஆள். கண் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் மாற்றிய எல்லா லென்ஸுக்கும் "நல்லாதான் இருக்கு" என்றார். கடைசியில் லென்ஸே போடாத வெறும் சட்டத்தை மாட்டிவிட்டேன். அதுவும் நல்லாதான் இருந்தது அவருக்கு. இப்படி ஒரு மனம் வாய்த்தால் எவ்வளவு சௌகரியம்.

அரை நாள் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். சரியாக நாலு மணிக்கு தீப்பெட்டியின் குதிரை நகர்ந்து என் ராணிக்குக் குறிவைத்து நின்றது. அப்படியானால் அவனும் அந்த நிமிடம் எங்கோ ஒரு திரையின் முன் உட்கார்ந்திருக்கிறான். இண்டர்நெட்டில் நாங்கள் ஆடும் சதுரங்கத் தளத்தில் அண்ணன் பெயர் தீப்பெட்டி, என் பெயர் சோடாபுட்டி. பலகைக்குக் கீழே பேசுவதற்கு ஒரு கட்டம் உண்டு. பதினோரு மாதமாக அது வெள்ளையாகவே கிடக்கிறது.

பதிலுக்கு ஏழு நாள் கெடு. தவறினால் ஆட்டம் தானாக முடிந்துவிடும். நான் ஒரு நாள்கூடத் தாண்டவிட்டதில்லை. ஜெயித்ததும் இல்லை, ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. இதிலாவது அண்ணனை ஒரு தடவை திணறடிக்க வேண்டும் என்று, அடுத்த காயைச் சொல்லிக்கொடுக்கும் ப்ரோக்ராம் ஒன்றை இறக்கினேன். இலவசம்தான். வெட்கமாக இருந்தது, ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 4, புதன்

ப்ரோக்ராம் ஒரு காயும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஜன்னல் மேல் ஜன்னலாகத் திறந்தன. கைக்கடிகாரம், மூட்டுவலித் தைலம், யாரோ ஒருத்தி கண்ணடிக்கிறாள். நான் மூட மூட அவை பெருகின. கொஞ்ச நேரம் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் எல்லாம் அடங்கிவிட்டது. இண்டர்நெட்டும்தான். வைஃபை கோடுகள் நாலும் நிறைந்து நிற்கின்றன, ஒரு பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, வியாழன்

மோடத்தைப் பிடுங்கி முப்பது எண்ணிவிட்டுத் திரும்பச் செருகினேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கிக்கொண்டு எழுந்தன. பயனில்லை. இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தேன். "லைன் க்ளீனா இருக்கு மேடம், உங்க சிஸ்டத்துலதான் ஏதோ இருக்கு" என்றாள் அந்தப் பெண், தூக்கத்திலிருந்து பேசுவதைப் போல.

என் கைப்பேசி பொத்தான் வைத்தது. பேச மட்டும்தான் லாயக்கு. வேறு கம்ப்யூட்டரில் போகலாம் என்றால் பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. ஒருமுறை உள்ளே போனதோடு சரி, அதற்குப் பிறகு தளம் என்னைக் கேட்டதே இல்லை.

சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்தேன். மேற்கூரை அறுபத்து நாலு கட்டமாகப் பிரிந்தது. ஒரு குதிரை ஓசையில்லாமல் நடந்து போயிற்று.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி பிடுங்கி மறுபடி செருகினேன்.

மார்ச் 7, சனி

ரிப்பேர்க்காரம்மா வந்தாள். எங்கள் கடை முதலாளி அனுப்பியவள், பேச்சு கொஞ்சம், கை வேகம்.

"கடைசியா என்னக்கா எறக்கினீங்க?"

"ஒண்ணுமில்லியே."

அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். "யாரை ஜெயிக்கிறதுக்கு?" என்றாள். நான் தேநீர் போட எழுந்துவிட்டேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

பென் டிரைவ் செருகி ஒன்றரை மணி நேரம் சுத்தம் செய்தாள். நாற்பத்தொரு அழுக்குகளை எடுத்ததாகத் திரை சொன்னது. நான் வேடிக்கை பார்த்தபடி தேநீர் ஆறவிட்டேன். எல்லாம் போய்விட்டது, ஆனால் இண்டர்நெட் மட்டும் வரவில்லை. அவளுக்கே ஆச்சரியம். திங்கள் வந்து நிதானமாகப் பார்க்கிறேன் என்று போனாள்.

மார்ச் 8, ஞாயிறு

சின்ன வயதில் எங்கள் பலகையில் ஒரு யானை தொலைந்துபோனது. அந்த இடத்தில் தீப்பெட்டியை நிறுத்தி விளையாடினோம். அந்தப் பக்கம் தனக்குத்தான் என்று அண்ணன் அடம்பிடிப்பான். பெட்டிக்குள் குச்சிகள் இருப்பதால் அது மற்ற காய்களைவிடப் பலசாலி என்பது அவன் கட்சி. சோடாபுட்டி என்பது என் எட்டாவது வயதில், என் முதல் கண்ணாடியைப் பார்த்து அவன் வைத்த பெயர். போன வருடம் தளத்தில் "தீப்பெட்டி உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார்" என்று வந்தபோது யாரென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உடனே என் பெயரை மாற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு சொல் கிடையாது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், நாலாம் நாள்தான் வந்தான், கையில் பெட்டியோடு. வராந்தாவில் நாலு பேர் முன்னால் கேட்டேன்: "இப்ப எதுக்கு வந்த? வராமலே இருந்திருக்கலாம்." அவன் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான். எல்லாம் முடிந்ததும் போனவன்தான்.

ஆட்டம் நின்றால் நானே விட்டுவிட்டதாக நினைப்பான். ஏற்கெனவே ஒருமுறை வராதே என்று சொன்னவள்தானே. இனி அவனாக அழைக்க மாட்டான்.

போனை எடுத்தேன். எண் நினைவிருக்கிறது. என்னன்னு ஆரம்பிக்கிறது? இண்டர்நெட் வரலன்னா? வச்சுட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ரிப்பேர்க்காரம்மா வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாம்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நாலு மணியோடு கெடு முடிந்தது.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல், கடையில் சாயங்காலம் வரை இருந்துவிட்டேன். நாலு மணிக்கு ஒரு பெரியவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். "இப்ப தெளிவா? இல்ல, இதுவா?" என்று கேட்டேன். "முன்ன போட்டதே இருக்கட்டும்மா. மங்கலா இருந்தாலும் பழகிடுச்சு" என்றார். நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பயந்துபோய் சரி, நீ சொல்றதையே போட்டுக்கிறேன் என்றார்.

மார்ச் 12, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மதியம் ரிப்பேர்க்காரம்மா வந்து அமைப்புகளுக்குள் எங்கெங்கோ போனாள். ஓரிடத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே பாத்திருக்கணும், என் தப்புதான். இந்தத் திருட்டு ப்ரோக்ராம், நீங்க எங்க போனாலும் தன் வழியாத்தான் போகணும்னு இங்க எழுதி வச்சிருக்கு. அதை நான் தூக்கிட்டேன், எழுதினது அப்படியே இருக்கு. கம்ப்யூட்டர் இன்னமும் அது வாசல்லயே போய் நிக்குது. அங்க ஆளில்ல."

"நேரா போக வேண்டியதுதானே?"

"போகலாம்னு யாரும் சொல்லலியே அதுகிட்ட."

ஒரு டிக்கை எடுத்தாள். அவ்வளவுதான். எட்டு நாள் அலைக்கழித்தது ஒரு சின்ன டிக். பாஸ்வேர்டையெல்லாம் மாற்றச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் தளத்தைத் திறந்தேன். முடிந்த ஆட்டங்களில் தேடினேன், அங்கே இல்லை. பலகை அப்படியே இருந்தது. என் ராணி, அவன் குதிரை. "உங்கள் முறை. மீதம் ஏழு நாள்." பக்கத்தில் வரிசையாகச் சின்ன எழுத்து: எதிராளி உங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார். ஐந்தாம் தேதி, காலை ஆறு பத்து. ஆறாம் தேதி, ஆறு பத்து. ஏழு, எட்டு, ஒன்பது என்று இன்று வரை, ஒரு நாள் விடாமல்.

இப்படி ஒரு பொத்தான் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் தினமும் பதில் போட்டுவிடுவதால் அவன் அதை அழுத்த வேண்டி வந்ததில்லை.

பத்தாம் தேதியில் மட்டும் இரண்டு வரி. காலை ஆறு பத்து ஒன்று, மதியம் மூன்று ஐம்பத்தெட்டுக்கு இன்னொன்று. காலையில் கொடுத்ததே போதும். இருந்தாலும் நாலு மணி நெருங்கியதும் அவனுக்கு மனசு கேக்கல.

அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சோடாபுட்டியா?"

"ம்."

"உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

"இல்ல. உன்னை ஜெயிக்கலாம்னு ஒரு திருட்டு ப்ரோக்ராம் எறக்கினேன். அது கம்ப்யூட்டரையே கவுத்துருச்சு."

அப்பா சிரிப்பதுபோல, மூக்கு வழியாகச் சிரித்தான். நான் வராந்தாவில் சொன்னதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "விடு, நாலு நாள் தாமதமா வந்தது நான்தானே" என்றான். நான் விடவில்லை, மன்னிச்சுக்கோ என்று சொல்லி முடித்தேன்.

மார்ச் 21, சனி

பத்தாவது ஆட்டத்திலும் தோற்றேன். சொந்த மூளையில்.

அண்ணன் நாளை மதிய ரயிலில் வருகிறான். பரண்மேல் இருந்த பலகையை இறக்கித் துடைத்து, ஜன்னல் வெயிலில் காய்களை அடுக்கினேன். வெள்ளையில் ஒரு யானை குறைகிறது. வீட்டில் அடுப்புக்கு லைட்டர்தான். ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டும்.