மூன்று முறை கேட்ட ஆமை

9 பிப்ரவரி, வெள்ளி

வணக்கம்.

இந்தக் கடிதத்தைத் தும்பியின் பள்ளிப் பையில், பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும். பக்கத்தில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோர்ட்டில் பேசி முடித்தபடி வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள். கண்ணாடிக் கடையில் சனி, ஞாயிறுதான் கூட்டம். லென்ஸ் தேய்க்கும் மெஷினை விட்டு நான் நகர முடியாது. ஏற்பாட்டில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாட்கள் அவள் அப்பாவோடு இருப்பதற்கு. திரும்பி வந்தால் அப்பா பேச்சே இல்லை. சித்தி, சித்தி, அந்த வீடியோ கேம்.

செவ்வாய்க்கிழமை கணக்கு வராமல் முழித்தாள். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், "சித்தியா இருந்தா, ஒரு தடவ தோத்துப் பாக்கலாம் வான்னு சொல்லுவாங்க" என்கிறாள். அது என்ன கேம்டி என்று கேட்டேன். "உனக்குப் புரியாதும்மா." எட்டு வயதுப் பெண் சொல்கிற பதில்!

வெட்டு, குத்து, ரத்தம் எல்லாம் இருக்கிற விளையாட்டா அது? எனக்குத் தெரிய வேண்டும்.

தும்பியின் அம்மா

*

11 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பார்த்ததும் முதலில் பயந்துபோனேன். கேட்டது நியாயம்தான். சொல்லிவிடுகிறேன்.

அது ஜப்பானியப் பாணியில் கதையாகப் போகிற விளையாட்டு. ஒரு சின்னப் பெண் ஊர் ஊராக நடந்து, வழியில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, காணாமல்போன மழையைத் தேடிப் போகிறாள். சண்டை உண்டு, ரத்தம் கிடையாது. நாம் ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று முறை வைத்து அடிப்பார்கள். நம் முறை வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். தோற்றால் யாரும் சாவதில்லை. விடுதிக் கட்டிலில் கண் விழிப்பார்கள். அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஒரு கிழட்டு ஆமை கூடவே வரும். இதுவரை விளையாடாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது என்று பெட்டியில் போட்டிருந்தது. இரண்டாவது அவள், முதலாவது நான்.

சனிக்கிழமைகளில் அவரை எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டு விடுகிறார்கள். நான் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்துவிடுவேன். வீட்டில் அவளும் நானும்தான். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியாமல் முழித்த நாட்களில்தான் இதை வாங்கினேன். திரையில் வருகிற பேச்சையெல்லாம் அவள்தான் உரக்கப் படிப்பாள். வாசிப்பு நன்றாக வந்திருக்கிறது, கவனித்தீர்களா?

அன்புடன்,
தும்பியின் சித்தி

*

16 பிப்ரவரி, வெள்ளி

வணக்கம்.

என்னை அக்கா என்று எழுத வேண்டாம். எனக்குத் தங்கை கிடையாது.

வாசிப்பைக் கவனித்தேன். மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொன்னவள் நான். பலன் உங்கள் வீட்டு டிவியில் வந்து விடிந்திருக்கிறது, சந்தோஷம்.

இன்னொன்று. திங்கட்கிழமை சாயங்காலம் அவளுக்கு நகம் வெட்டிவிடுவது என் வழக்கம். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அப்படித்தான். இந்த வாரம் நகவெட்டியை எடுத்துக்கொண்டு, அவள் கையை மடியில் இழுத்து வைத்தால், வெட்ட ஒன்றுமே இல்லை. அழகாக, வட்டமாக வெட்டியிருந்தீர்கள். சும்மா கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடும்மா" என்று இழுத்துக்கொண்டாள்.

அந்த கேம் மெஷினை இங்கே அனுப்புங்கள். எனக்குப் புரிகிறதா என்று நானும் பார்க்கிறேன்.

தும்பியின் அம்மா

*

18 பிப்ரவரி, ஞாயிறு

வணக்கம்.

நகம் என் தவறு. கீறிவிடுகிறதே என்று யோசிக்காமல் செய்துவிட்டேன். இனி தொட மாட்டேன்.

மெஷினைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். போட்டதும் ஒரு விடுதி வரும், அதில் மூன்று அறைகள். முதல் அறையில் இருப்பது எங்கள் ஆட்டம், ஆறு வாரமாகச் சேர்த்தது. இரண்டாவது அறை காலி. நீங்கள் அதில் புதிதாகத் தொடங்கலாம். சுலபம், நடுத்தரம் என்று கேட்கும்; தயங்காமல் சுலபத்தை எடுங்கள், நாங்களும் அதுதான். முதல் அறையை மட்டும் தொட வேண்டாம். மலைக்கோட்டை வரை போய்விட்டாள், மழை அங்கேதான் அடைபட்டிருக்கிறது.

தும்பி சொல்லிக்கொடுப்பாள். நல்ல வாத்தியார், ஆனால் கொஞ்சம் திட்டுவாள்.

அன்புடன்,
தும்பியின் சித்தி

*

23 பிப்ரவரி, வெள்ளி

வணக்கம்.

மெஷினைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் அறையில் இருந்தது அழிந்துவிட்டது. துடைக்கும்போது ஏதோ பட்டனில் கை பட்டிருக்க வேண்டும். இந்த மாதிரிச் சாமான்கள் எனக்குப் பழக்கமில்லை என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்து அழுதாள். ராத்திரி சாப்பிடவில்லை. "மெஷின் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாள். அப்படித்தான் போல என்றேன்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு அழுகை நல்லதல்ல. அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

தும்பியின் அம்மா

*

25 பிப்ரவரி, ஞாயிறு

வணக்கம்.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது கை பட்டு அழியாது. குழந்தைகள் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அழிக்கப் போனால் அந்த ஆமை வந்து நிற்கும். நிஜமாகவா என்று கேட்கும். கூட்டாளிகள் எல்லோரும் போய்விடுவார்களே, பரவாயில்லையா என்று கேட்கும். கடைசியாகக் கேட்கிறேன் என்று இன்னொரு முறை கேட்கும். ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்பதில்தான் புள்ளி நிற்கும். அதை நகர்த்தி, "ஆமாம்" என்று நாம்தான் அழுத்த வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் இருந்த அந்த நான்கு பேர் யார் என்று நீங்கள் ஒருமுறையாவது அவளைக் கேட்டிருக்கலாம். பெயர் வைத்தது அவள்தான். முன்னால் போகிற சின்னப் பெண் தும்பி. வாள் வைத்திருப்பவன் அப்பா. அடிபட்டவர்களைக் குணமாக்கும் பெண் அம்மா, அதாவது நீங்கள். நாலாவது ஒரு பூனை. "சித்திக்கு இடமில்லையா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "பூனை பாவம் சித்தி, அத எங்க விடறது?" என்றாள்.

நீங்கள் நகத்துக்கு வருத்தப்பட்டீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு அடி விழும்போதெல்லாம், உங்களை அவர் பக்கத்தில் ஓடவிட்டு, தோளில் கைவைத்துக் குணமாக்குகிற பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். ஆறு வாரம். என் வீட்டு ஹாலில், என் சோபாவில் உட்கார்ந்து.

தும்பியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மெஷின் கெட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்வதும் விடுவதும் உங்கள் பாடு.

தும்பியின் சித்தி

*

1 மார்ச், வெள்ளி

வணக்கம்.

நான்தான் அழித்தேன்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. அவள் வருவதற்குள் கற்றுக்கொண்டு அவளை அசத்தலாம் என்றுதான் எடுத்தேன், இது சத்தியம். முதல் அறைக் கதவில் ஒரு படம் இருந்தது. சின்னப் பெண், ஒரு ஆண், வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், காலடியில் பூனை. கீழே நாற்பத்தொரு மணி நேரம் என்று போட்டிருந்தது. நீங்கள் வேலைக்கு வெள்ளைக் கோட்டுதானே போடுகிறீர்கள்? குடும்பப் படம் என்று நினைத்தேன். நாற்பத்தொரு மணி நேரம் நான் அவளோடு சேர்ந்தாற்போல் எதற்கு உட்கார்ந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. ஆமை மூன்று முறையும் மரியாதையாகத்தான் கேட்டது.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா?" என்றாள்.

"பொறாமைடி."

"யாரு மேல?"

"உன் சித்தி மேல."

"அவங்கதான் அதுல இல்லவே இல்லையே!" என்று கத்தினாள். அப்புறம் பேச்சில்லை. காலையில் தலை பின்னக்கூட என்னிடம் வரவில்லை. கோணல் வகிடோடு பள்ளிக்குக் கிளம்பி நிற்கிறாள். மாலையில் உங்கள் முன்னால் அப்படித்தான் வந்து நிற்பாள்.

என்னை நானே அழித்திருக்கிறேன், பாருங்கள். சிரிப்பும் வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

தும்பியின் அம்மா

*

3 மார்ச், ஞாயிறு

அன்புள்ள தும்பி அம்மாவுக்கு,

வகிடை நான் சரிசெய்யவில்லை. அவரிடம் சீப்பைக் கொடுத்தேன். இன்னும் கோணலாகிவிட்டது.

நேற்று புதிய ஆட்டம் தொடங்கினாள். பெயர் வைக்கிற கட்டம் வந்ததும் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து பார்த்தால் தும்பி, அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர், பிறகு அதே பூனை. நீங்களும் இல்லை, நானும் இல்லை. "நான் எங்கடி?" என்று அவர் கேட்டார். "பெரியவங்கல்லாம் தனியா விளையாடிக்கோங்கப்பா, எப்பப் பாத்தாலும் உங்களோட ஒரே தொல்ல" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு நான் போய்க் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன். "சித்தி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கே தெரியும்" என்று வேறு சொல்லிவிட்டாள்.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். ஆட்டம் அழிந்தது தெரிந்த அன்று, அவள் அழுததைக் கேட்டு வயிறு எரிந்தது நிஜம். ஆனால் மனசின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. இனி உங்களையும் அவரையும் நான் பக்கத்தில் பக்கத்தில் நடத்திப் போக வேண்டாமே என்று. அதை மறைத்துக்கொண்டுதான் உங்களுக்கு அவ்வளவு காரமாக எழுதினேன்.

அன்புடன்,
தும்பியின் சித்தி

*

8 மார்ச், வெள்ளி

தும்பியின் சித்திக்கு,

செவ்வாய்க்கிழமைதான் பேசினாள். பசிக்கிறது என்றாள், அவ்வளவுதான். புதன்கிழமை, தோழி வீட்டுக் கதை முழுவதும் வந்துவிட்டது. நேற்று, நீங்கள் பையில் வைத்து அனுப்பிய மெஷினோடு சோபாவில் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் போனேன். "பாத்துக்கிட்டு இரு, பேசக் கூடாது" என்று உத்தரவு. ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தேன். அந்தத் தோழிப் பெண் தும்பிக்கு அடிபடும்போதெல்லாம் ஓடி வந்து குணமாக்குகிறாள். யாரோ ஒரு பெண், பார்த்ததுகூட இல்லை. அவள் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. என் புத்தியை என்ன செய்வது, சொல்லுங்கள்?

எழுத வந்தது வேறு விஷயம். அடுத்த வியாழன் நான்கு மணிக்கு டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், அவள் வாசிப்பைப் பற்றி. அன்று கடையில் புது மெஷின் இறக்குகிறார்கள், முதலாளி விடமாட்டார். தும்பியின் அப்பாவும் அன்று வெளியூர் வேலை என்கிறார். நீங்கள் மூன்று மணிக்கு வந்துவிடுவீர்கள் அல்லவா? வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். பிள்ளைக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நீங்கள் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள்.

டீச்சர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுதுங்கள். நான் அங்கே இருக்க முடியாதது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் போவதும் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போய் வாருங்கள்.

தும்பியின் அம்மா