வடவெல்லைக் கோட்டைத் தலைவருக்கு அலைமாளிகையிலிருந்து அரசி விடுத்த ஓலை

மலை நின்று காக்க, மழை பெய்து வாழ்த்த, கருங்குன்ற நாட்டின் அரியணையில் வீற்றிருக்கும் அரசி நறுந்தொடி தேவி, தம் கணவரும் வடவெல்லைக் கோட்டையின் படைத்தலைவருமாகிய வெயினன் கோமானுக்குக் கடல் கடந்த முத்துத்தீவத்திலிருந்து விடுக்கும் ஓலை. கோட்டையின் மதில் உறுதியுடன் நிற்பதாகுக. தங்களோடு காவல் நிற்கும் வீரர் அனைவரும் நோயற்றிருப்பாராக. தங்கள் தோளிலுள்ள பழைய காயம் மலைக்குளிரில் நோகாதிருப்பதாகுக.

யாமும் மக்கள் இருவரும் நலம். மகன் மருதவேளும் மகள் நல்லினியும் வெயிலில் கறுத்து, உப்புக்காற்றில் தலைமுடி சிக்கேறி, அரண்மனைப் பிள்ளைகள் என்றால் எவரும் நம்பாத கோலத்தில் திரிகிறார்கள்.

அயல்நாட்டு அரச குடும்பங்கள் வேனிலில் வந்து இளைப்பாறுவதற்கென்றே முத்துத்தீவத்து மன்னர் கடலோரத்தில் எழுப்பிய இந்த அலைமாளிகையைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டதினும் சிறப்பாகவே இருக்கிறது. தேக்குமரத் தூண்களின்மேல் நீரில் நிற்கும் மண்டபங்கள். கதவைத் திறந்தால் படிகள் நேரே கடலுக்குள் இறங்குகின்றன. மணலில் பட்டு விதானம் கட்டி மெத்தை விரித்திருக்கிறார்கள். தாகம் என்று சொல்லும் முன்பே இளநீர் சீவி வந்துவிடுகிறது. மாலையில் யாழிசை, உணவில் யாம் பெயரறியாத மீன்கள், குளிக்கச் சென்றால் பன்னீர். குறை என்று சொல்ல ஏதுமில்லை.

ஆயினும் நமக்கென ஒதுக்கிய மண்டபத்தில் நால்வருக்குப் படுக்கை விரித்திருந்தார்கள். ஒவ்வொரு வேளையும் நான்கு இலை போட்டு, கோமான் இன்று வந்துவிடுவாரா என்று பணிப்பெண் பணிவுடன் கேட்பாள். இனி மூன்று இலை போதும் என்று யாமே ஒருநாள் சொல்ல நேர்ந்தது. அவள் முகம் வாடி, பொறுத்தருள வேண்டும் என்றாள். அவள்மீது பிழை ஏதுமில்லை.

தாங்கள் வர இயலாமைக்குக் காரணம் எழுதியிருந்தீர்கள். தாழைநாட்டுத் தண்டநாயகர் கொற்றங்குமரர் எல்லைக்கு அப்பால் பெரும்படை திரட்டி நிற்கையில் கோட்டையை விட்டு ஓரடியும் நகரலாகாது என்றீர்கள். சென்ற அறுவடை விழாவுக்கும் அதுவே காரணம். நல்லினிக்குக் காது குத்திய நாளுக்கும் அதுவே காரணம். எல்லைச் செய்தி யாவும் தங்கள் வழியாகவே எமக்கு வருவதால், யாமும் அதை ஐயுற்றதில்லை. அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, அவருக்குத் தலையில் கொம்பு உண்டு என்றே நல்லினி நம்பியிருந்தாள்.

இனி நிகழ்ந்ததைக் கேட்டருள்க. மருதவேள் எம் சொல்லை மீறி ஆழத்துக்குச் சென்றான். மலையில் வளர்ந்த பிள்ளை. திரும்பும் அலை காலை வாரும் என்பதை அறியான். யாம் கண்டபோது அவன் தலை நீருக்குமேல் இல்லை. யாம் கத்திக்கொண்டு ஓடினோம். அரசி ஓடலாகுமோ என்ற நினைவு எழவேயில்லை. எமக்கு முன்பாக ஒருவர் ஓடினார். தோளில் அமர்ந்திருந்த தம் மகளை மணலில் இறக்கிவிட்டு, அலைக்குள் பாய்ந்து, மருதவேளை அள்ளிவந்து, குப்புறக் கிடத்தி, குடித்த நீரையெல்லாம் வெளியேற்றினார். பிள்ளை இருமி அழுத பின்னரே எமக்கு மூச்சு வந்தது.

தங்களுக்கு எந்நாளும் கடன்பட்டோம், பெயரறியலாமோ என்று கேட்டோம். நீர் சொட்டச் சொட்ட எழுந்து கைகூப்பியவர், தாழைநாட்டுக் கொற்றங்குமரன் என்றார்.

யாம் யாரென்று சொன்னபோது அவரும் திகைத்துத்தான் போனார். பின்னர் முகம் மலர்ந்து, கோமானும் வந்திருக்கிறாரா, போர்க்களத்தில் தொலைவில் கண்டதோடு சரி, ஒருமுறை அருகிருந்து பேச ஆவல் என்றார். எல்லையில் காவல் நிற்கிறார் என்றோம். எவருக்கு எதிராக என்று கேட்டார். ஏளனமாக அன்று, உண்மையாகவே அறியாமல் கேட்டார். எம் முகத்தைக் கண்டதும் பார்வையை மணலுக்குத் தாழ்த்திக்கொண்டார். அதன்பின் யாம் வற்புறுத்தவே சொன்னார்: தம் மன்னர் அந்தப் படையைக் கலைத்து, வீரர்களை ஏரி வெட்ட அனுப்பி இரண்டு மழைக்காலம் ஆயிற்று; அதைத் தெரிவிக்க வந்த தூதரைத் தாங்களே கோட்டையில் வரவேற்று விருந்தளித்து அனுப்பினீர்களாம்.

பகைவரின் சூழ்ச்சியோ என்று யாம் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ஆனால் படை திரட்டும் ஒருவர், காவலரும் இன்றி, மனைவியோடு ஈரமணலில் அமர்ந்து சங்கு பொறுக்கிக்கொண்டிருக்கமாட்டார்.

அன்றுமுதல் அவரே மருதவேளுக்கு நீந்தக் கற்பிக்கிறார். வயிற்றின்கீழ் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்து, பிடித்திருப்பதாகச் சொல்லியபடியே மெல்லக் கையை எடுத்துவிடுவார். நேற்று மருதவேள் எவர் தாங்கலும் இன்றி மிதந்தான். மகிழ்ச்சி தாளாமல், அப்பா பாருங்கள் என்று கூவினான். கூவிய பின் நீரில் எழுந்து நின்று, அவரைப் பார்த்தான். கரையில் எம்மைப் பார்த்தான். கொற்றங்குமரர் எதுவும் கேளாதவர்போல வேறுபுறம் திரும்பிக்கொண்டார். யாம் கைதட்டினோம். வேறென்ன செய்வது?

ஆதலின் கருங்குன்ற நாட்டு அரசியின் ஆணை இது. இவ்வோலை சேர்ந்த அன்றே வடவெல்லைக் கோட்டைக் கதவுகள் வணிகருக்குத் திறக்கப்படுக. வீரர்கள் முறைவைத்துத் தத்தம் இல்லம் திரும்புக. வெயினன் கோமான் படைத்தலைமைப் பொறுப்பைத் துணைத்தலைவரிடம் ஒப்படைத்து, அப்பணியினின்றும் விடுபடுக. இதற்கு எம் அரச முத்திரை இட்டோம்.

முத்திரைக்குக் கீழே வருவன ஆணை அல்ல. இவற்றை எழுதுபவள் நறுந்தொடி.

மாலையில் பக்கத்து மண்டபத்தில் கொற்றங்குமரரும் அவர் மனைவியும், பிள்ளையின் தலைக்கு யார் எண்ணெய் தேய்ப்பது என்று சண்டையிடுகிறார்கள். மரச்சுவர்தான், எல்லாம் கேட்கிறது. நான் யாழ் வாசிப்பவரை நிறுத்தச் சொல்லிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாம் கடைசியாக எதற்குச் சண்டையிட்டோம் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைவு வரவில்லை. என்மீது சினம் இருந்திருந்தால் தாங்கள் வந்து சொல்லியிருக்கலாம். அரசியின் கணவராக இருப்பது கசந்ததா, நானே கசந்துபோனேனா, அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இந்தப் பெரிய கடலின்முன் அமர்ந்திருப்பது கடினமாக இருக்கிறது.

என்னைக் காப்பாற்றிய கொற்றங்குமரர் இங்கே இருக்கிறாரே, அப்பா அங்கே யாரோடு போரிடுகிறார் என்று மருதவேள் இன்று கேட்டான். அதை உன் தந்தைதான் சொல்ல வேண்டும் என்றேன். தங்களைப் பற்றி அவனிடம் வேறெதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

முழுநிலவு வரை இங்கிருப்போம். கோட்டையிலிருந்து இறங்கும் சாலை துறைமுகத்துக்கும் போகிறது, வேறு ஊர்களுக்கும் போகிறது. எதில் செல்வது என்பது தங்கள் விருப்பம். எங்களிடம் வர மனமில்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். அதைத் தாங்கிக்கொள்வேன். எதிரியின் பெயரை மட்டும் இனி எழுத வேண்டாம்.