சர்க்கரை டப்பாவும் கண்ணாடி இழையும்

பிரியமுள்ள மச்சானுக்கு,

நம் பாகூர் வீட்டில் வெள்ளிக்கிழமை வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்று எடுக்கப்பட்டது. சர்க்கரை டப்பா இனி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். உங்கள் தங்கை அஞ்சலை முன்மொழிந்தாள்; நான் வழிமொழிந்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் எதிர்ப்பு எழவில்லை. உயரம் கருதி, டப்பாவை ஏற்றிவைக்கும் பொறுப்பு நோயாளியான எனக்கே தரப்பட்டது.

தினமும் காலையில் நடக்கும் உங்கள் சர்க்கரைச் சோதனை நினைவிருக்கிறதா? சோதனைக் குழாயில் நீலக் கரைசல் ஊற்றி, உங்கள் சிறுநீரைச் சில சொட்டு விட்டு அஞ்சலை காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் அன்று உங்களுக்குச் சர்க்கரை போட்ட காபி. செங்கல் நிறமானால் கிடையாது. ஒருநாள் கொல்லைப்பக்கம் என்னை மடக்கினீர்கள்.

“மாப்ள, இன்னிக்கு உன்னுத குடுப்பா. நீதான் சுத்தமான ஆளாச்சே.”

கொடுத்தேன். காய்ச்சினாள். குழாய் சிவந்தது.

“இன்னாண்ணே இது, சூளையில வச்ச மாரி கீது!”

“ஐயோ அஞ்சல, அது என்னுது இல்ல, மாப்ளயுது!”

எனக்கு நீரிழிவு என்று இப்படித்தான் தெரிந்தது. அன்று நீங்கள் கத்தியது காபிக்காகவா, எனக்காகவா? கேட்காமலே விட்டுவிட்டேன். நீங்கள் கண்மூடிய பிறகு அந்தக் குழாய் எனக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் காய்ச்சலில் சர்க்கரை ஏறி, இரத்தத்தில் அமிலம் கூடி, பாண்டி ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தேன். டாக்டரம்மா என் கை இரத்தக் குழாய்க்குள் தலைமயிர் போன்ற கண்ணாடி இழையைச் செலுத்தினாராம். நுனியில் துளிச் சாயம். இழை வழியே ஒளி உள்ளே போகும். அமிலத்துக்கேற்பச் சாயம் நிறம் மாறும். அந்தச் சேதியோடு ஒளி திரும்பிவர, கட்டிலருகே இழையோடு இணைத்த பெட்டியில் எண் தெரியும். உங்கள் சோதனைக் குழாய்தான் மச்சான், உடம்புக்குள்ளேயே குடியேறிவிட்டது. முறை புதிதென்பதால் வழக்கம்போல் இரத்தமும் எடுத்து ஒப்பிட்டார்கள்.

அஞ்சலை அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. எண் சரியாகி, எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் கேட்டது அவள் குரல்தான்.

“டாக்டரம்மா, இதுல ஆள மாத்தி ஏமாத்த முடியாதுல்ல?”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இழை நழுவிடும், அசையாதீங்க!” என்று திட்டு வாங்கினேன். அஞ்சலையும் சிரித்தாள், மச்சான். எத்தனை நாளாயிற்று!

வீடு திரும்பியதும்தான் அந்த டப்பா முடிவு. உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: மேல்தட்டுப் பக்கம் என் கை போகாது. காலையில் என்னுடையதைத்தான் கொடுப்பேன்.

மேல்தட்டு அஞ்சலைக்கு எட்டாது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவளும் சர்க்கரை இல்லாமல்தான் காபி குடிக்கிறாள்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மாப்ள கலியபெருமாள்