வாரேன் என்று சொல்லாமல் போனவர்கள்

என் அருமை அக்காவுக்கு,

முதலில் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆடிப்பெருக்கில் நம் குமாரபாளையம் படித்துறையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இனி நிம்மதியாக மீதியைப் படி.

உனக்கு நீச்சலே தெரியாது. ஆனாலும் ஆற்றில் விழுந்தவர்களைத் தூக்கும் எங்கள் கூட்டம் உன்னால்தான் நின்றது. காவல் முறைக்கு வந்த நெசவாளிக்குக் கம்பங்கூழ் கரைத்து வைப்பாய். அவன் வேலை பின்தங்காதிருக்க, அவன் வீட்டுக்கே போய்த் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பாய்.

அப்படியும் சிலருக்குச் சலித்துவிடும். பெண்டாட்டி பயந்து அழுவாள், தோள்பட்டை வலிக்கும். கூட்டத்தை விட்டு விலகுவதாகச் சொல்ல உன்னிடம் வருவார்கள். சொல்லிவிட்டு எழும்போது நம் பக்கத்தில் யார் 'போறேன்' என்பார்கள்? "வாரேனுங்க அக்கா" என்பான். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நீ பிடித்துக்கொள்வாய்.

"வா சாமி. ஞாயித்துக்கிழமை காலைல உன் மொறை. கூழு கரைச்சு வெக்கறேன்."

மாரப்பன் நாலு தடவை விலக வந்து, நாலு தடவையும் முறை வாங்கிக்கொண்டு போனான். இது ஏமாற்று வேலை என்று உன்னிடம் சண்டை போட்டேன். அவன் வாயில் வந்ததைத்தானே பிடித்தேன் என்று சிரித்தாய்.

தை மாதம் நீ போய்விட்டாய். சாவு வீட்டில் வாரேன் என்று சொல்லக்கூடாது அல்லவா? நம் கூட்டத்தார் அத்தனை பேரும் ஆற்றில் முழுகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அழுகையோடு ஒரு பயமும் வந்தது. இனி இவர்களை எதைச் சொல்லித் திரும்பக் கூப்பிடுவேன்?

ஆடி பிறந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தேங்காய் சுடும் நோன்பு அன்றைக்கு வீடு வீடாகப் போய், உயிர் காப்பது நம் கடமை என்று பிரசங்கம் செய்தேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எல்லாரும் மரியாதையாகக் கேட்டு, கையில் சுட்ட தேங்காய்ச் சில்லைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒருவரும் வருவதாகச் சொல்லவில்லை. கடைசியில் நானும், படித்துறையில் பரிசல் ஓட்டுகிறவரும்தான் மிச்சம்.

பதினெட்டாம் நாள் விடிந்து கயிற்றோடு படித்துறைக்குப் போனால், நீ உட்காரும் மேல்படியில் கூழ்ப்பானையோடு மாரப்பன். அவனுக்குப் பின்னால் எல்லாரும். என்னப்பா இது என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்காகிட்ட வாரேன்னு சொல்லாமப் போயிட்டமுங்க. அது உறுத்திக்கிட்டே கெடந்துச்சு. ஊட்டுல சொல்லக்கூடாது, செரி. ஆத்துல சொல்லலாமல்லங்க?"

கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன், அக்கா. அவ்வளவு சந்தோஷம்.

உச்சிவேளையில், தாலிக்கயிறு மாற்ற வந்த புதுப்பெண் ஒருத்தி பாசியில் வழுக்கி ஆற்றின் இழுப்பில் சிக்கிவிட்டாள். மாரப்பன் மிதப்புக்குக் கட்டும் சுரைக்குடுக்கையோடு குதித்தான், நாங்கள் கயிற்றை இழுத்தோம். கரையில் போட்டதும் தண்ணீரைக் கக்கிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, என் மஞ்சள் கயிறு எங்கே என்பதுதான். அது அவள் கைக்குள்ளேயே இறுக்கமாக இருந்தது. படித்துறையே சிரித்தது. நீ இருந்திருந்தால் உன் சிரிப்பு பவானிக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பொழுது சாய மாரப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். "வாரேனுங்க" என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வா சாமி. ஞாயித்துக்கிழமை உன் மொறை."

உன் பேச்சின் தந்திரம் எல்லாருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது, அக்கா. தெரிந்தேதான் அத்தனை வருஷமும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

உன்னிடம் நான் இப்போதைக்கு வாரேன் என்று சொல்லப்போவதில்லை. புதன்கிழமை எனக்கு முறை இருக்கிறது. ஆனால் இந்தப் படித்துறையில் அந்த வார்த்தையைச் சொல்லி எழுகிற ஒருவனையும் வெறுமனே அனுப்பமாட்டேன். இது சத்தியம்.

கூழுக்கு உப்புப் போடத் தெரியாமல் தினமும் திட்டு வாங்கும்,
உன் தம்பி
சின்னச்சாமி