பச்சை வண்டிக்கு எந்த ஆயில்?

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியை வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் உலகம் நேரா நிக்குது" என்றார். நாள் முழுக்க அந்த ஒரு வரியே காதில் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கார் ஷெட் திறந்திருந்தது. கல்யாணமாகி நான் இங்கே குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, அந்தக் கதவு திறந்து பார்த்ததில்லை. உள்ளே அவள், என் மனைவி, நின்றிருந்தாள். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். தலை ஈரம் காயவில்லை. வண்டியின் போர்வை காலடியில் கிடந்தது. கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயிலில் தூசி மெல்ல மிதக்க, வண்டி தண்ணீருக்கடியில் கிடப்பது போலிருந்தது.

அவளுடைய முதல் கணவரின் வண்டி. அவர் காய்ச்சலென்று படுத்துப் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அதற்குப் பிறகு இது நகரவில்லை.

"இதை ஓட வெக்கணுங்க. சும்மா கிடந்தே வீணாப்போயிடும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். திருகாணி என்றால் மூக்குக்கண்ணாடித் திருகாணி மட்டுமே தெரிந்தவன் நான்!

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் வந்தார். நல்ல உயரம், ஓயாத ஜலதோஷம். பேட்டரி மாற்றினார், டேங்கைக் கழுவினார், இன்ஜினைக் கையாலேயே சுற்றிப் பார்த்தார். பழைய ஆயிலைத் திறந்துவிட்டதும் கருப்புக் கயிறு போல இறங்கியது. கடைசியில் கேட்டார்: "என்ன ஆயில் ஊத்தப்போறீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"20W-50 ஊத்துங்க. மினரல் ஆயில்" என்றார். முதல் எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது, சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. "தேஞ்ச இன்ஜின். உள்ள இடைவெளி விழுந்திருக்கும். மெல்லிசா ஊத்தினா சூட்டுல தண்ணியாயிடும், பிரஷர் நிக்காது. அப்புறம், டப்பாவுல துத்தநாகம் சேர்த்ததான்னு பாருங்க. இந்தக் காலத்து ஆயில்ல அது கம்மி. இதுல வால்வைத் தள்ளுற கேம் பழைய மாதிரி, உரசிக்கிட்டேதான் சுத்தும். அது இல்லாட்டி தேஞ்சிடும்." மூக்கை உறிஞ்சினார். "இது என் கணிப்புதான் சார். பிரிச்சுப் பாத்தவன் நான் இல்ல."

அவள் வாசற்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் எப்பவும் 5W-30தான் ஊத்துவார். அதையே ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

மைத்துனன் வந்தான், அவளுடைய தம்பி. முன்பு அவளுடைய முதல் கணவரை மாமா என்று கூப்பிட்டவன் என்பதால் எனக்குப் 'புது மாமா' என்று பெயர் வைத்திருக்கிறான். பளபளக்கும் டப்பாவோடு வந்தான். முழு சிந்தெடிக்காம். ராக்கெட்டுக்கே ஊற்றலாமாம்.

"நம்ம வீட்ல ராக்கெட் இல்லடா" என்றேன்.

"இருக்கறதை ராக்கெட் ஆக்கிடும் புது மாமா!"

மெக்கானிக்கைப் போனில் கேட்டேன். அது நல்ல ஆயில்தானாம். ஆனால் ஆறு வருஷம் காய்ந்து கிடந்த ரப்பர் சீல் அதைத் தாங்குமா என்பது சந்தேகமாம், சொட்டுச் சொட்டாக ஒழுகியே காலியானாலும் ஆகுமாம். டப்பா அலமாரிக்குப் போயிற்று. மைத்துனனுக்குக் கொஞ்சம் வருத்தம். சாப்பிட்டதும் மறந்துவிட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் கண்ணயர்ந்தேன். கனவில் நீச்சல் குளம். அடியில் பச்சை வண்டி நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அவர். படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கனவில் சட்டையின் மடிப்புகூடத் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி விரலை அசைக்கிறார், குமிழி குமிழியாக மேலே வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு எண். நான் கரையில் குனிந்து படிக்கப் பார்க்கிறேன். கண்ணில் கண்ணாடி இல்லை.

விழித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

கடையில் ஒரு காரியம் செய்தேன். வெட்டாத லென்ஸ் இரண்டைச் சாய்த்து வைத்து, ஒன்றில் 5W-30, ஒன்றில் 20W-50, ஒரு துளி விட்டேன். மெல்லியது வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. கெட்டியானது யோசித்து யோசித்து இறங்கியது, நடுவில் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றதே தெரியவில்லை.

இதில் எதுவும் நிரூபணமாகாது. இன்ஜினுக்குள் வேறு சூடு, வேறு அழுத்தம். ஆனால் என் கேள்வி அது இல்லையே. மெக்கானிக் சொன்னது சரியென்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது அறிவாலா? இல்லை, முதல் கணவர் ஊற்றியது இனி வேண்டாம் என்ற ஆசையாலா? போனவர்மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு நான் சின்ன மனுஷனா?

இருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

சொல்ல வாயெடுத்தேன். "டவல் காயலை" என்று வேறென்னவோ சொன்னேன்.

மார்ச் 15, சனி

5W-30 ஊற்றியாயிற்று. அவள் கேட்டபடி. மெக்கானிக் தோளைக் குலுக்கினார், "பிரஷர் முள்ளைப் பாத்துக்கிட்டே ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

சாவியைத் திருகினாள். இருமல், புகை, மறுபடி இருமல். பிறகு பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கதவும் கூடவே பாடிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்துக்குள் அவள் இருந்தாள். நான் வெளியே.

மார்ச் 16, ஞாயிறு

தூங்கப்போகுமுன் எழுதிவிடுகிறேன்.

காலையில் மலைப்பாதைக்குப் போனோம். அவள் ஓட்டினாள். எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள்! மரங்களுக்கிடையில் பனி தொங்கிற்று. வண்டி அதற்குள் போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போயிற்று. எனக்கே தூக்கத்தில் போவது போலிருந்தது. மேலேறி, ஒரு மாட்டு மந்தைக்காக நின்றோம். இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் பிரஷர் முள் கீழே வந்தது. இன்னும் கீழே. டக்டக்டக் என்று இன்ஜின் மூடிக்குள் யாரோ தட்டுகிற சத்தம். அவளும் பார்க்கிறாள், ஆனால் கை நகரவில்லை. முள் அடியில் படுத்துவிட்டது.

"ஆஃப் பண்ணு! ஏய், ஆஃப் பண்ணுங்கறேன்ல!"

அணைத்தாள். மாட்டுக் கழுத்து மணிகள் மட்டும். என்ன கத்து கத்திவிட்டேன்!

சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு, "எட்டு மாசத்துல இப்பத்தான் என்னை 'நீ'ன்னு கூப்பிட்டீங்க" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், அதற்கில்லை என்பது போல.

"அவர் இருந்தப்பவே முள் கீழ வரும். இன்ஜினைப் புதுசா இறுக்கிக் கட்டினப்போ அந்த ஆயில் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் தேஞ்சு போச்சு. அவர் மாத்தலை. 'ஒண்ணுமில்ல, நீ ரோட்டைப் பாரு'ம்பார். நான் முள்ளைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். காய்ச்சலுக்கும் அதே பேச்சுதான். ஒண்ணுமில்லயாம்."

"தெரிஞ்சுமா அதையே ஊத்தச் சொன்னீங்க?"

"வேற ஊத்தினா அவர் சொன்னது தப்புன்னு ஆயிடும்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செத்துப்போனவரை எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

நானும் ஒன்று சொன்னேன் — எனக்கு வேறு ஆயில்தான் சரியென்று பட்டது, ஆனால் அவர்மேல் பொறாமை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

"பொறாமையா?"

"கொஞ்சம்."

அழுதுகொண்டே சிரித்தாள். "அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா வண்டி வீட்டுக்காவது போயிருக்கும்."

வண்டியை ஏற்றிப்போக மெக்கானிக் லாரியோடு வரும்வரை பானெட்டில் சாய்ந்து நின்றோம். முதுகுக்குக் கதகதப்பு. மாடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

மார்ச் 19, புதன்

ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தோம். உலோகப் பொடி மின்னினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். கடையிலிருந்து என் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். எதுவும் மின்னவில்லை. மெக்கானிக் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், தும்மல் வேறு வந்துவிட்டது. இன்ஜின் தப்பித்தது!

20W-50. துத்தநாகம் சேர்த்தது. புனலை நான் பிடிக்க, அவளே ஊற்றினாள். பொன்னிறத்தில், அவசரமே இல்லாமல் இறங்கிற்று. சூடாகும்வரை ஓடவிட்டோம். முள் கொஞ்சம் இறங்கி, நின்றுவிட்டது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணாடி மேல் விரல் வைத்து.

மார்ச் 22, சனி

ஷெட்டில் தரை சுத்தமாக இருக்கிறது. ஒரு சொட்டு இல்லை. என்னமோ இதையே நாலு தடவை போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 12, சனி

எழுதி மூன்று வாரமாகிறது.

இன்று அவளுடைய பெரியம்மா மகள் வீட்டில் விருந்து. வரும்போது, "நீங்க ஓட்டுங்க, எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று சாவியை என் மடியில் போட்டாள். நான் ஓட்டினால் நத்தைக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி என்று கொஞ்ச தூரம் கிண்டல்.

சாயங்கால வெயில் வயல்களின்மேல் படுத்திருந்தது. இன்ஜின் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. ஏதோ கேட்கத் திரும்பினேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, செருப்பில்லாத காலை இருக்கையில் மடக்கிப் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி.

எங்கள் தெருவின் திருப்பம் வந்தது.

திரும்பாமல் நேராகவே போனேன்.